வேட்டிப் பக்கம், சேலைப் பக்கம்

எங்களுக்குப் படகு கிடைத்தது ஜன்னல் திரையால்.

1971 கடைசியில், அடையாறு காந்தி நகரில் குடியிருந்த ஒரு ஜெர்மன் இன்ஜினியர் தி. நகரில் இருந்த என் ஜவுளிக்கடைக்கு வந்தார். பதினாறு ஜன்னலுக்குத் திரைத்துணி வேண்டும் என்றார். என் மனைவி புஷ்பம் அவர் வீட்டுக்கே போய் அளவெடுத்து, தைக்கக் கொடுத்து, கம்பியில் கோத்து மாட்டியும் விட்டாள். மாட்டி முடித்த அன்று சாயங்காலம் அவருக்கு ஊரிலிருந்து தந்தி வந்தது, உடனே புறப்பட்டு வா என்று. மனுஷர் பதினாறு திரையையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு எங்களை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய், வெள்ளைச் சாயம் பூசிய ஒரு பாய்மரப் படகைக் காட்டி, "இனிமே உங்களுக்கு" என்றார். பதினாறு திரையைத் தொங்கவிட்டவர்களுக்கு ஒரு பாயைத் தொங்கவிடத் தெரியாதா என்பது அவர் கணக்கு.

எனக்குக் கடலைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது. என் சொந்த ஊர் செம்மண் தேரிக்காட்டுப் பக்கம். அங்கே மழை பெய்தால் பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவார்கள். எட்டு வருஷப் படிப்பில் எனக்குக் கிடைத்த லீவு மூன்று நாள்.

படகோடு ஒரு புத்தகமும் இருந்தது. ஜெர்மன் மொழி. படம் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். முதல் பாடத்துப் படங்கள் எல்லாவற்றிலும் படகு கவிழ்ந்தே கிடந்தது. கவிழ்ந்த படகை நிமிர்த்துவது எப்படி என்பதுதான் அந்தப் பாடம் என்று பிற்பாடு தெரிந்தது. நாங்கள் எதையும் வரிசையாகப் படிக்கிறவர்கள். எனவே முதல் ஞாயிற்றுக்கிழமை அடையாற்று முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் போனதும் படகைக் கவிழ்த்தோம். நிமிர்த்துகிற படத்துக்கு வருவதற்குள் புத்தகம் நனைந்துவிட்டது.

முகத்துவாரத்துக் குப்பத்து மீனவர் மரியசெல்வம் கட்டுமரத்தில் வந்து, எங்கள் படகுக்குக் கயிறு போட்டுக் கரைக்கு இழுத்து வந்தார்.

இரண்டாம் ஞாயிறு கவிழவில்லை. ஒரே இடத்தில் இரண்டரை மணி நேரம் வட்டம் போட்டோம். அந்த இடத்தில் இன்றைக்கும் மீன்கள் வட்டமாகத்தான் நீந்துகின்றன என்று கேள்வி. நான் போய்ப் பார்க்கவில்லை. அன்றும் மரியசெல்வம் வந்தார், கயிறு போட்டார்.

மூன்றாம் ஞாயிறு நடந்ததற்குக் காரணம் இடது, வலது. நான் பின்னால் உட்கார்ந்து சுக்கானைப் பிடிப்பேன். பாய் மறைப்பதால் எனக்கு முன்னால் இருப்பது தெரியாது. புஷ்பம் முன்னால், பாய்க்கு அடியில் எனக்கு முகம் தெரிகிற இடத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்லுவாள். யாரிடம் பேசினாலும் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவதுதான் அவள் வழக்கம். எனவே கடலைப் பார்ப்பாள், என் பக்கம் முழுசாகத் திரும்புவாள், "இடது பக்கம்ங்க!" என்பாள். அவளுடைய இடது எனக்கு வலது. போதாக்குறைக்கு நான் கத்தரி பிடிப்பது இடது கையில், சாப்பிடுவது வலது கையில். ஆகவே யாராவது 'இடது' என்றால் நான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். யோசித்து முடித்தபோது படகு எலியட்ஸ் கடற்கரை மணலில் ஏறி, ஒரு சுண்டல்காரரின் தட்டுக்கு எதிரே போய் நின்றது. அவர் பதறவில்லை.

"எத்தனை பொட்டலம்?" என்றார்.

இரண்டு வாங்கினோம். சாப்பிட்டு முடிப்பதற்குள் மரியசெல்வம் கயிற்றோடு வந்துவிட்டார்.

அன்று கரையில் அவர் மனைவி ஜெசிந்தா காத்திருந்தாள். அவள் மயிலாப்பூர் மாட வீதிகளைத் தாண்டி லஸ் வரை மீன் கூவி விற்கிறவள். கூவினால் மீனே கூடையிலிருந்து எட்டிப் பார்க்கும்.

"இன்னா மொதலாளி, வெள்ளாட்றியா?" என்றாள். "வாரத்துல ஒரு நாளுதான் எங்க ஆளு கடலுக்குப் போவாம பூசைக்குப் போறான். அந்த ஒரு நாளும் வெள்ளச் சட்டையோட உன்னிய இஸ்துக்கினு வர்றான். மூணு வாரம், மூணு சட்டை பாழு. கேட்டுக்கோ. இன்னொரு தபா எவனாச்சும் உம் படகுக்குக் கவுறு போட்டான், அத்தோட சரி. படகக் கவுத்துப் போட்டு உள்ள கோழிய அடைச்சிருவேன். பன்னெண்டு கோழி கீது எங்கிட்ட."

"வுடு ஜெசிந்தா, பாவம்..." என்றார் மரியசெல்வம்.

"நீ சும்மா இரு. மொதல்ல சட்டையக் கயட்டு."

 புஷ்பம் கேட்டாள்: "கயிறு இல்லாம நாங்களே போயிட்டு வந்தா?"

"எங்கேந்து? தோ கீற சுண்டலாண்டேந்தா? கோவளம் போய்ட்டு வா. ஒர்த்தன் கவுறும் படாம போய்த் திரும்பிட்டா, இந்தக் கரை உன்னுதுதான். ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டேன்."

"சரி" என்றாள் புஷ்பம். கடையில் விலை படிந்துவிட்டால் அவள் சொல்லுகிற அதே 'சரி'. அதற்கு மேல் யாரும் பேச முடியாது.

கோவளம் கடல் வழியாகப் பதினெட்டு மைல். ராத்திரி மேற்கு மாம்பலத்து வீட்டில் அதைத்தான் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"பேசாம படகக் குடுத்திருவோமா?" என்றேன்.

"குடுத்துட்டு ஞாயித்துக்கெழம என்ன செய்யப் போறிய?"

"சும்மா இருப்போம்."

"இருவத்திரெண்டு வருசம் சும்மா இருந்து பாத்தாச்சுல்லா?"

அது உண்மை. எங்கள் மகளைக் கட்டிக்கொடுத்து விருதுநகர் அனுப்பியாயிற்று. கடையில் நானும் புஷ்பமும் எட்டடி தூரத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்போம். ஆனால் நடுவில் எப்போதும் யாராவது நின்று கலர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நாங்கள் ஒருவருக்கொருவர் பேசியது எல்லாம் "நாலாவது அடுக்கு", "அந்தக் கரையை எடு", இவ்வளவுதான். படகு கவிழ்ந்த அன்று தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியதும் அவள் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. யாரோ சிரிக்கிறார்கள் என்று சுற்றிலும் பார்த்தேன். அதைக் கொண்டுபோய்ப் பன்னிரண்டு கோழிக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

வழி புதன்கிழமை கிடைத்தது. கடையில் கூட்டம். ஒரு அம்மாள் உள்ளே நின்று வாசலைப் பார்த்தபடி வேட்டி எங்கே என்று கேட்டாள். வாசலில் நின்று உள்ளே பார்த்தபடி இன்னொருத்தி சேலை கேட்டாள். "நீங்க வேட்டிப் பக்கம் போங்க, நீங்க சேலைப் பக்கம் வாங்க" என்றாள் புஷ்பம். இருவரும் சரியான பக்கத்துக்குப் போனார்கள். கடைக்குள் நுழைந்தால் இடது சுவர் முழுக்க வேட்டி, வலது சுவர் முழுக்கச் சேலை. யார் எந்தத் திசை பார்த்து நின்றாலும் அலமாரி இடம் மாறாது அல்லவா?

மடித்துக்கொண்டிருந்த சேலையை அப்படியே போட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

"ஏங்க. படகும் கடைதான்."

"என்னத்தச் சொல்லுத?"

"நீங்க உக்காருத எடம் கல்லா. நான் உக்காருத எடம் வாசல். கல்லாவுல இருந்து வாசலப் பாத்தா..."

"சேலை இடது கைப் பக்கம்."

"அப்பம் அதுதான் படகுலயும் சேலை. நான் எப்பிடித் திரும்பினாலும் சேலை சேலைதான், வேட்டி வேட்டிதான்."

ஞாயிற்றுக்கிழமை தையல்காரர் துணியில் கோடு போடுகிற சாக்கட்டியால் படகின் உள்பலகையில் ஒரு பக்கம் 'சேலை', மறுபக்கம் 'வேட்டி' என்று எழுதினாள். எவ்வளவு திருப்புவது என்பதற்கு அளவு வேண்டும். முழம் இருக்கவே இருக்கிறது. "அரை முழம் வேட்டி" என்றால் லேசாக. "ரெண்டு முழம் சேலை" என்றால் பலமாக. பாயை விரிக்க "பிரிச்சுக் காட்டு", சுருட்ட "மடி". கயிற்றை மெதுவாக விட "அளந்து விடு". பாய் முழுசாகக் காற்றை விட்டுவிட வேண்டிய அவசரத்துக்குக் "கிழி". ஆற்றுக்குள்ளேயே இரண்டு ஞாயிறு பழகினோம். இரண்டாம் ஞாயிறு ஒரு கொக்கைச் சுற்றி, அது பறக்காமல், வந்தோம். அது கண் தெரியாத கொக்கு என்று மரியசெல்வம் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பங்குனி முதல் ஞாயிறு விடிகாலையில் புறப்பட்டோம். ஜெசிந்தா கரையில் நின்று, "பன்னெண்டு கோழியையும் புது வூட்டுக்கு மஞ்சத் தண்ணி தெளிச்சு வச்சிருக்கேன்" என்றாள். கரையிலிருந்து கடலுக்கு வீசும் காலைக் காற்று. வேட்டிப் பக்கம் கடல், சேலைப் பக்கம் கரை... இல்லை, தெற்கே போகும்போது வேட்டிப் பக்கம் கரை, சேலைப் பக்கம் கடல். பார்த்தீர்களா, இப்போது குழம்புகிறேன், அன்று ஒரு தடவைகூடக் குழம்பவில்லை.

நீலாங்கரைக்கு நேரே ஒரு ஆமை எங்களை முந்திப் போனது. முந்திய பிறகு திரும்பிப் பார்த்தது. அது தேவையில்லாத வேலை. கொஞ்ச தூரத்தில் ஒரு பறக்கும் மீன் எழும்பி வந்து புஷ்பத்தின் மடியில் விழுந்தது. அவள் விரலை விரித்து அளந்து, "ஒண்ணரைச் சாண்" என்று சொல்லித் திரும்ப விட்டாள். பத்தரைக்குக் கோவளம் வந்துவிட்டோம். அங்கே கரைக்காற்று ஓய்ந்தது. கடற்காற்று எழும்பும்வரை மிதந்துகொண்டே புளிச்சோறு சாப்பிட்டோம். புஷ்பம் அவள் தங்கை கல்யாணத்துச் சண்டையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். அந்தக் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். ஆனால் இவ்வளவு நன்றாக இருந்தது என்று எனக்குத் தெரியாது.

பதினொன்றரைக்குக் காற்று வந்தது. அதற்குள் கோவளத்தில் பூசை முடிந்து ஊர் முழுக்கக் கரைக்கு வந்து இந்த வெள்ளைப் படகை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. படகைத் திருப்ப வேண்டும். புஷ்பம் எழுந்து நின்றாள்.

"சேலை! ரெண்டு முழம் சேலை! இன்னும் சேலை! போதும்... பிரிச்சுக் காட்டு! நல்லாப் பிரிச்சுக் காட்டுங்க!"

கடையில் அவள் குரல் நாலு கடை தாண்டிக் கேட்கும். கடலில் நடுவே சுவரும் இல்லை.

அப்போது கிறிஸ்தவர்களின் தவக்காலம், அது முடியும்வரை கல்யாணம் நடத்த மாட்டார்கள். ஈஸ்டர் முடிந்ததும் கோவளத்தில் ஏழு கல்யாணம். இது எங்களுக்கு எப்படித் தெரியும்? கரையில் பெண்கள் கூட்டமாகக் கையை ஆட்டினார்கள். நாங்களும் ஆட்டினோம். இரண்டு நிமிஷத்தில் நாலு கட்டுமரம் பாய் கட்டி எங்கள் பின்னால் கிளம்பியது. முதல் கட்டுமரத்தில் பெரிய மீசையோடு ஒருவர். அவர் பெயர் வேதநாயகம் என்று பிறகு தெரிந்தது.

"மொதலாளி! சேல இன்னா வெல?"

"சேலை இல்லப்பா!" என்று கத்தினேன்.

அது நான் செய்த தப்பு. அந்தக் காலத்தில் கடைக்காரன் 'இல்லை' என்றால் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். சர்க்கரை, மண்ணெண்ணெய், சிமென்ட் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால்தான் அடுக்கி வைத்திருந்தார்கள்.

"டேய், பட்டு வச்சிக்கினு கீறாருடா! அதான் இல்லன்றாரு!" என்றார் வேதநாயகம்.

கட்டுமரம் ஏழானது. படகைத் திருப்பும்போதெல்லாம் புஷ்பம் "ஒரு முழம் சேலை!" என்று சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போதெல்லாம் இன்னொரு கட்டுமரம் சேர்ந்துகொண்டது. "அரை முழம் வேட்டி" என்றதும் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரரும் கிளம்பினார். திருவான்மியூர் வருவதற்குள் பதினொன்று. புஷ்பம் பத்தொன்பது என்பாள். எண்ணிக்கையில் அவள் தப்புப் பண்ண மாட்டாள், ஆகவே பத்தொன்பது.

முகத்துவாரம் கண்ணுக்குத் தெரிந்தபோது வேதநாயகம் அறுபதடி தூரத்தில் வந்துவிட்டார். கையில் சுருட்டிய கயிறு.

"நில்லு மொதலாளி! கவுறு போட்றேன், புட்சிக்கோ! ஒரு சேல காட்டினாப் போதும்!"

புஷ்பம் என் பக்கம் முழுசாகத் திரும்பினாள். "கயிறு விழுந்தா ஜெசிந்தா பாத்திருவா" என்றாள். கரையில் ஒரு புள்ளியாக ஜெசிந்தா நிற்பது தெரிந்தது. முகத்துவாரத்துக்குக் குறுக்கே மணல்திட்டு. அதன் மேல் அலை வெள்ளையாகப் புரண்டுகொண்டிருந்தது. நடுவில் உள்ளே போக இருபதடி வழிதான். அலை எனக்குப் பின்னாலிருந்து வரும். நான் திரும்பிப் பார்த்தால் சுக்கான் கோணும்.

"இனிமே நான் வாயத் திறக்க மாட்டேன். நீங்களும் திறக்கக் கூடாது" என்றாள்.

"பிறகு எப்படிட்டி?"

"கடையில எப்படி?"

கடையில் ஆள் எதிரே இருக்கும்போது நாங்கள் வாயால் பேசுவதே இல்லை. வேட்டி எடுக்கிற ஆளை விட்டுவிடாதே என்றால் அவள் ஒரு புருவத்தைத் தூக்குவாள். சேலை எடுக்கிறவளுக்கு மறு புருவம். இரண்டும் ஏறினால் விலையைக் குறைக்காதே, அப்படியே பிடி. எந்தப் புருவம் எதற்கு என்பது எனக்கு இருபத்திரண்டு வருஷப் பாடம். அதில் இடது வலது கிடையாது.

வாசலில் உட்கார்ந்து அவள் என்னையும் எனக்குப் பின்னால் வருகிற அலைகளையும் பார்த்தாள். நான் அவள் புருவங்களை மட்டும் பார்த்தேன். சேலைப் புருவம் கால் பங்கு ஏறியது. அரை முழம் திருப்பினேன். கயிறு ஒன்று பறந்து வந்து படகுக்கு ஒரு சாண் தள்ளித் தண்ணீரில் விழுந்தது. வேட்டிப் புருவம் விறுக்கென்று ஏறியது, இரண்டு முழம். இரண்டாவது கயிறு என் தலைக்கு மேலே போய், அந்தப் பக்கம் விழுந்தது. என் பின்னால் பெரிசாக ஏதோ உறுமியது. அவள் இரண்டு புருவத்தையும் தூக்கினாள். அப்படியே பிடித்தேன். படகு பின்பக்கம் எழும்பியது. எவ்வளவு உயரம் என்று கேட்பீர்கள். எனக்குச் சாந்தோம் கோயில் கோபுரம் தெரிந்தது, அதற்கப்பால் கபாலீசுவரர் கோபுரம் தெரிந்தது, மாம்பலத்தில் எங்கள் வீட்டு மாடியில் வேலைக்கு வருகிற முத்தம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. அந்த உயரத்திலும் நான் புருவத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு படகு வழுக்கி ஆற்றுக்குள் இறங்கியது. தண்ணீர் அமைதியாகிவிட்டது.

புஷ்பம் வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "மடி."

பாயை இறக்கினேன். படகு தானாகவே போய்க் குப்பத்துக் கரையில் மூக்கை வைத்தது.

ஜெசிந்தா இடுப்பில் கோழியோடு நின்றாள். அளவு பார்க்கக் கொண்டுவந்ததாம். படகைச் சுற்றி வந்து முன்னும் பின்னும் பார்த்தாள்.

"கவுறு இல்ல, சரி. கோவளம் போனீங்களா, இல்ல நீலாங்கரையாண்ட சோறு துன்னுட்டுத் திரும்பிட்டீங்களா? இன்னா சாட்சி?"

எங்களிடம் சாட்சி இல்லை. அந்த ஆமையைக் கூப்பிட்டால் வராது.  அப்போது முகத்துவாரத்தில் சத்தம் கேட்டது. அலைமேல் ஒன்றன்பின் ஒன்றாகப் பத்தொன்பது கட்டுமரமும் உள்ளே வந்தன.

"எங்க சேல?" என்று கேட்டுக்கொண்டே வேதநாயகம் குதித்து இறங்கினார்.

"இன்னாடா வேதநாயகம், உனுக்கு இங்க இன்னா வேல?" என்றாள் ஜெசிந்தா.

"கோவளத்துலேந்து தொரத்திக்கினு வர்றோம்க்கா. புடிக்க முடில. இவுங்க இன்னா, கடல்லியே பொறந்தவங்களா?"

 ஜெசிந்தா கோழியை என் கையில் கொடுத்துவிட்டுப் படகின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். பலகையில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள். கோவளத்துக்காரர்களை நாளைக்குக் கடைக்கு வரச்சொல்லி நான் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தபோது, அவள் புஷ்பத்திடம் மெதுவாகக் கேட்டாள்.

"எக்கா. என்னிய ஒரு தபா இட்டுக்கினு போவியா?"

"நீங்க போனதில்லையா?"

"வாக்கப்பட்டு இருவது வருசம் ஆவுது. கரையிலயே நின்னுக்கினு கீறேன். கட்டுமரத்துல பொம்பள காலு வைக்கக் கூடாதாம்."

"அது வயக்கம் ஜெசிந்தா..." என்று ஆரம்பித்தார் மரியசெல்வம்.

"இது கட்டுமரமா? சொல்லு. கட்டுமரமா இது?"

அவர் படகை நன்றாகப் பார்த்துவிட்டு, "இல்ல" என்றார்.

"வாங்க" என்றாள் புஷ்பம். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க இறங்குங்க" என்றாள்.

"சுக்கான யாரு பிடிப்பா?"

"கல்லாவுல நான் உக்காந்ததே இல்லையா?"

இறங்கினேன். படகைத் தள்ளிவிட்டதும் நானும் மரியசெல்வமும்தான். இரண்டு பெண்களும் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். மணல்திட்டு வழியில் அலை எழும்பியது, படகு எழும்பியது, ஜெசிந்தா போட்ட கூச்சலில் கரையில் இருந்த காக்கை எல்லாம் ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் பறந்தன. அந்தக் கூச்சல் பாதியில் சிரிப்பாக மாறியது. கூட இன்னொரு சிரிப்பும் கேட்டது. இந்தத் தடவை யார் என்று நான் சுற்றிலும் பார்க்கவில்லை.

மணலில் உட்கார்ந்தோம். கோழி என் மடியில் தூங்கிவிட்டது. ரொம்ப நேரம் கழித்து மரியசெல்வம் கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தார். தூரத்தில் பாய் ஒரு கைக்குட்டை அளவுக்கு வெளுப்பாகத் தெரிந்தது.

"மொதலாளி, இந்தாண்ட வர்றாங்களா, அந்தாண்ட போய்க்கினு கீறாங்களா?"

நானும் பார்த்தேன். கரையிலிருந்து பார்த்தால் சொல்ல முடியாது.

"நமக்கெதுக்கு அது? வாரும், டீ குடிப்போம்" என்றேன்.